டேப்பில் எழுதிய எண்

வலது தோளில் வலி. படுத்தால் ஒரு வலி, எழுந்தால் வேறு வலி. பத்தொன்பது வருஷம் பாஸ்பேட் சுரங்கத்தில் மண் வாரும் டிராக்லைன் இயந்திரத்துக்குக் கிரீஸ் அடித்த தோள் அது. இரும்புக் கயிறு ஒரு ஆள் தொடை மொத்தம் இருக்கும். அது ஓடுகிற உருளைகளுக்குத் தலைக்குமேல் கையைத் தூக்கித்தான் கிரீஸ் அடிக்க வேண்டும். ஆள் குறைத்தபோது நானும் என் தங்கை புருஷன் ராய்ஸும் ஒரே வெள்ளிக்கிழமை வெளியே வந்தோம். எனக்குக் கிடைத்தது, படகு இழுக்கத் தண்ணீரில் நின்று சறுக்குகிற ஸ்கீ பலகை செய்யும் பட்டறையில் ஒரு வேலை. தகரக் கொட்டகை, உள்ளே கார்பன் தூசி. சட்டைக்குள் போனால் தோல் சிவந்து தடித்து அரிக்கும். அரிப்பும் வலியும் சேர்ந்து வரும் நாளில் மனுஷன் நல்லவனாக இருப்பது கஷ்டம். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. இருந்ததைச் சொல்கிறேன்.

பட்டறையில் என் இடம் வளைப்பு மேஜை. ஸ்கீயை இரண்டு இரும்புக் கட்டைகளுக்கு நடுவில் கவிழ்த்து வைப்பேன். நெம்புகோலைப் பிடித்து இழுத்து, ஸ்கீ ஒரு அங்குலம் வளைய எத்தனை பவுண்டு அழுத்தம் வேண்டியிருக்கிறது என்று முள்ளைப் பார்ப்பேன். மூக்கிலிருந்து வால் வரை ஐந்து இடத்தில் இப்படி அழுத்தி, ஐந்து எண்ணையும் ஒரு வெள்ளை டேப்பில் எழுதி, ஸ்கீயின் முதுகில் ஒட்டுவேன். ஒரே அச்சில் வார்த்த அறுபது ஸ்கீயில் இரண்டு ஒன்றுபோல் இருக்காது. விறைப்பானது நேராகப் பாயும், திரும்பச் சொன்னால் முரண்டு பிடிக்கும். தளர்ந்தது சொன்னபடி திரும்பும், ஆனால் இழுத்த வேகத்தைத் தண்ணீருக்கே கொடுத்துவிடும். ராய்ஸின் ஸ்கீ மூன்று வருஷத்துக்கு முன்னால் அறுபதில் நான் பொறுக்கி எடுத்தது. முன்பக்கம் நூற்றுப்பதினெட்டு பவுண்டு. அதைப் பார்த்ததுமே இது அவனுடையது என்று தனியாக எடுத்து வைத்தேன். முதலாளிக்கும் தெரியும், கண்டுகொள்ளவில்லை.

எங்கள் பக்கத்தில் சுரங்கம் தோண்டிப் போட்ட குழிகளில்தான் ஸ்கீ. நீளமான குழி, கரை ஓங்கியிருக்கும், காற்று அடிக்காது, தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கும். முதலை உண்டு, அது பாட்டுக்குக் கிடக்கும். ராய்ஸ் இருந்தது ஒன்பதாம் குழியில். அவனும் ரோண்டாவும் கரையோரத்து டிரெய்லர் வீட்டில் குடியிருந்தார்கள். வாடகைக்குப் பதிலாக அவன் புல் வெட்டுவான், படகு ஓட்டுவான், வருகிறவர்களுக்கு ஸ்கீ சொல்லிக்கொடுப்பான். அந்த வருஷம் குழியை மிச்சிகன்காரர் ஒருவர் வாங்கினார். பெக்ஸ்ட்ரம் என்று ஒரு பல் டாக்டர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கணக்குத் தெரிந்தவர். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் பணக்காரர்களுக்கு அங்கே ஸ்கீ பள்ளி நடத்தப் போகிறேன், பள்ளி என்றால் வாத்தியாருக்கு ஒரு தகுதி வேண்டும் என்றார். செப்டம்பர் கடைசிக்குள் பதிவாகும் போட்டி ஒன்றில் ராய்ஸ் ஊதா வளையத்தில் மூன்று பந்து சுற்ற வேண்டும். சுற்றினால் வேலையும் வீடும் அவனுக்கே. இல்லாவிட்டால் ஆர்லாண்டோவிலிருந்து ஒரு பையன் தயாராக இருக்கிறான்.

ஊதா வளையம் என்பது கயிற்றின் அளவு. தண்ணீரில் ஆறு பந்து மிதக்கும், இடம் மூன்று, வலம் மூன்று. படகு நடுவில் நேராகப் போகும். பின்னால் ஒற்றை ஸ்கீயில் ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நின்று கயிற்றைப் பிடித்து வருகிறவன் ஒவ்வொரு பந்தையும் வெளியே சுற்றி வர வேண்டும். ஆறும் முடித்தால் கயிற்றைக் குறைப்பார்கள். ஒவ்வொரு குறைப்புக்கும் கயிற்றில் ஒரு நிற வளையம். பச்சை, அடுத்து நீலம், அடுத்து ஊதா. ஊதாவுக்கு வந்தால், படகிலிருந்து பந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்துக்குக் கயிறு இருக்காது. கயிறு எட்டாத இடத்துக்கு உடம்பு எட்ட வேண்டும். ஒற்றைக் கையில் கைப்பிடியைப் பிடித்து, தண்ணீரோடு தண்ணீராகச் சாய்ந்து, ஸ்கீயை நம்பி உடம்பைத் தூக்கிப் போட வேண்டும். நம்பாதவன் அங்கே திரும்ப முடியாது.

போட்டி சனிக்கிழமை. வியாழக்கிழமை காலையில் ரோண்டா போன் செய்தாள்.

"அண்ணே, அவரு அங்கதான் வந்துக்கிட்டு இருக்காரு. ஸ்கீயைத் தூக்கிக்கிட்டு."

"வரட்டும்."

"இங்க பாரு. ஏதாச்சும் குறை கிறைன்னு சொல்லித் தொலைக்காத. நாலு நாளா மனுஷன் சரியா சாப்பிடல. கட்டில்ல படுத்துக்கிட்டே கையைத் தூக்கிக் கயிறு பிடிக்கிறாரு. நான் பொட்டி கட்டணுமா வேணாமான்னு எனக்கே தெரியல."

"பாத்துட்டுத்தான் சொல்ல முடியும் ரோண்டா."

"பாரு. பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொல்லு."

ராய்ஸ் வந்தான். அக்குளில் ஸ்கீ, கையில் வேகவைத்த கடலை ஒரு பை, நனைந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மச்சான், இவளுக்கு என்னமோ ஆயிடுச்சு."

"யாருக்கு, ரோண்டாவுக்கா?"

"அவளுக்கென்ன, குரல் நல்லாத்தான் இருக்கு. இவளுக்கு." ஸ்கீயை மேஜையில் வைத்தான். "ரெண்டாம் பந்து, நாலு, ஆறு. அந்தப் பக்கம் திரும்பி முடிக்கையில மூக்கு குத்துது. ஒரு நொடி நிக்கிறா, அப்புறம் கிளம்புறா. அந்த ஒரு நொடியில கயிறு என்னை முன்னால தூக்குது."

"வயசாயிருச்சு மாப்ளே. நாப்பத்திநாலுல எவன் ஊதா வளையத்துல தொங்குறான்?"

"உன் தோளை விட என் முழங்கால் இளசுதான், போ. சும்மா பேசாம அழுத்திப் பாரு."

"அந்தக் கடலைய வெளிய போய்த் தின்னு. மேஜையெல்லாம் உப்பாக்காத."

அவன் வாசலுக்குப் போய் டிரக்கின் பின்கதவில் உட்கார்ந்து கடலை உரித்தான். நான் வால்பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். வால் சரியாக இருந்தது. நடு சரி. முன்கால் வைக்கிற இடத்துக்கு ஒரு சாண் முன்னால் வந்து நெம்புகோலை இழுத்தேன். தோள் எதிர்பார்த்த பாரம் வரவில்லை. முள் தொண்ணூற்றேழில் நின்றது.

விட்டுவிட்டு மறுபடி இழுத்தேன். தொண்ணூற்றேழு.

மூன்றாம் முறை இழுக்கும்போது ஸ்கீயின் மேல் காதை வைத்தேன். உள்ளே மணலை மெல்லுகிற மாதிரி ஒரு சத்தம். வெளியே கீறல் இல்லை, வெடிப்பு இல்லை, பெயின்ட் கூட அப்படியே பளபளப்பு. உள்ளே இருக்கிற நுரைக்கட்டை பொடியாகிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட ஸ்கீ வந்தால் பட்டறையில் ஒரே வேலைதான். வாள் மெஷினில் கொடுத்து இரண்டாக அறுத்துவிடுவோம், வேறு எவனும் காலில் மாட்டக் கூடாது என்று.

நான் வாசலைப் பார்த்தேன். அவன் கடலைத் தோலைத் துப்பிக்கொண்டு, ஒற்றைக் கையை முன்னால் நீட்டி, இல்லாத கைப்பிடியைப் பிடித்து, இடுப்பைத் திருப்பிக்கொண்டிருந்தான். அவனுக்கே தெரியாமல் செய்தான்.

வேறு ஸ்கீ கொடுக்கலாம். ஆனால் புது ஸ்கீயைப் பழக ஒரு மாதம் வேண்டும், அவனுக்கு இருந்தது இரண்டு நாள். இதைச் சொன்னால் அவன் பயத்தோடு தண்ணீரில் இறங்குவான், பயந்தவன் இரண்டாவது பந்தைத் தாண்ட மாட்டான். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொன்றும் இருந்தது, அதை அப்போது சொல்லிக்கொள்ளவில்லை. நான் பொறுக்கிக் கொடுத்த ஸ்கீ அது. அந்தக் குழியில் எல்லோரிடமும் அவன், "எங்க மச்சான் கை வச்ச ஸ்கீ" என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

பழைய டேப்பைப் பிய்த்தேன். புது டேப் ஒட்டி, முன்பக்கத்துக்கு நூற்றுப்பதினாறு என்று எழுதினேன். மை காய ஊதினேன்.

அடுத்து செய்தது அதைவிடப் பெரிய காரியம். ஸ்கீயின் வாலில், அடிப்பக்கம், மீன் துடுப்பு போல ஒரு அலுமினியத் தகடு நிற்கும். ஃபின் என்போம். தண்ணீரில் ஸ்கீ எங்கே பிடிக்கும், எங்கே வழுக்கும் என்பதெல்லாம் அதன் கையில். முன்னால் நகர்த்தினால் மூக்கு தண்ணீரைக் கவ்வும், சட்டென்று திரும்பும். பின்னால் நகர்த்தினால் மூக்கு லேசாகும், மெதுவாகத் திரும்பும், ஆளைக் கீழே தள்ளாது. எல்லாமே அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கு. வெர்னியர் அளவுகோல் வைத்துத்தான் பார்க்க முடியும். ஒவ்வொருவனும் தன் எண்ணை வருஷக்கணக்கில் தேடிக் கண்டுபிடித்து, நோட்டில் எழுதி வைத்திருப்பான். எங்கள் குழிகளில் ஒருத்தன் குடிப்பதைக் கேலி பண்ணலாம், டிரக்கைக் கேலி பண்ணலாம், பெண்டாட்டி சமையலைக் கூடச் சொல்லலாம். கேட்காமல் ஃபின்னைத் தொடக் கூடாது. அதற்காக அடிதடி நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆலன் கீயை எடுத்தேன். திருகுகளைத் தளர்த்தி, ஃபின்னைப் பின்னால் தள்ளினேன். ஆயிரத்தில் பத்து. இரண்டு மூன்று காகிதத்தை அடுக்கினால் வருகிற கனம், அவ்வளவுதான். செத்த முன்பக்கம் தண்ணீரைக் கவ்வாமல் இருக்க அது போதும் என்று எனக்குத் தெரியும். இறுக்கினேன். துடைத்தேன்.

"மாப்ளே, வா."

டேப்பைப் பார்த்தான். "நூத்திப்பதினாறா?"

"ரெண்டு பவுண்டு குறைஞ்சிருக்கு. மூணு வருஷ ஸ்கீக்கு அது ஒண்ணுமே இல்ல. குத்தம் ஸ்கீ மேல இல்ல, உன் இடுப்பு மேல. சும்மா திரும்பு, சண்டை போடாத."

"அப்ப இவ நல்லாத்தான் இருக்கா."

"உன்னை விட நல்லா இருக்கா."

சிரித்தான். ஸ்கீயைத் தட்டிக் கொடுத்தான், மாட்டைத் தட்டுகிற மாதிரி. மீதிக் கடலையை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் போய்க் கரையில் நின்று பார்த்தேன். அவன் ஓடினது எனக்கே நம்ப முடியவில்லை. பச்சை வளையம் ஆறு பந்து. நீலம் ஆறு பந்து. ஊதாவில் நாலு. மூக்கு எங்கேயும் குத்தவில்லை. ஒவ்வொரு பந்திலும் முந்தினதை விடச் சாய்ந்து, பயமில்லாமல் உடம்பைப் போட்டான், நிமிர்ந்தான். படகு ஓட்டியவன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான். ரோண்டா டிரெய்லர் வாசலில் துணி காயப் போட்டபடியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே சட்டையை மூன்று தடவை உதறினாள்.

"என்ன மாத்துன?" என்று படகுக்காரன் கேட்டான்.

"ஒண்ணும் மாத்தல. எங்க மச்சான் அழுத்திப் பாத்துட்டு, நீதான் கோளாறு, ஸ்கீ இல்லன்னாரு. அவ்வளவுதான்!" தண்ணீரிலிருந்தபடியே கத்தினான்.

அவன் தலை உயர்ந்துதான் இருந்தது. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். மறைக்க மாட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் எல்லாம் முடிந்த பிறகு, ஸ்கீயை வாங்கி அறுத்துப் போட்டுவிட்டு உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம், அவனும் திட்டிவிட்டுச் சிரிப்பான் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கே தண்ணீரின் சூடு எண்பத்தாறு டிகிரி ஃபாரன்ஹீட். கரையில் இருபது டிரக், மடக்கு நாற்காலிகள், கோபுரத்தில் நடுவர்கள். பெக்ஸ்ட்ரம் வெள்ளைத் தொப்பி போட்டு மரமேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். ரோண்டா அவரிடமிருந்து பத்தடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். என்னை மேடை வேலைக்குப் போட்டிருந்தார்கள். ஒவ்வொருவனாக மேடைக்கு வருவான், நான் கயிற்றின் கைப்பிடியை எடுத்துக் கொடுப்பேன், படகு கயிற்றை இழுத்து முறுக்கும், அவன் "போ" என்பான், போவான்.

ராய்ஸ் முறை வந்தது. மேடை விளிம்பில் உட்கார்ந்து, ஸ்கீயின் மேல் பதித்த ரப்பர் காலுறைக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தான். முன்கால் உள்ளே போக சோப்புத் தண்ணீர் ஊற்றினான். என்னை நிமிர்ந்து பார்த்துக் கண்ணடித்தான்.

"நல்லவேளை மச்சான், காலைல வெர்னியரை வச்சுப் பாத்தேன். ஃபின் நகந்துபோயிருக்கு."

நான் கைப்பிடியைத் துணியால் துடைத்தேன்.

"பத்து. பத்து பின்னால போயிருக்கு. நேத்து அந்த நாலாவது பந்துல வால் கீழ எங்கயோ தட்டியிருக்கும். திருகு லேசா லூசுன்னு நினைக்கிறேன். என் நம்பருக்கே திருப்பி வச்சு நல்லா இறுக்கிட்டேன். நகந்த ஃபின்னோடயே நேத்து நாலு பந்துன்னா, இன்னிக்கு எத்தனைன்னு பாரு."

"மாப்ளே..."

"என்ன?"

படகு மெல்ல நகர்ந்து கயிற்றின் தொய்வை எடுத்துக்கொண்டிருந்தது. பெக்ஸ்ட்ரம் நாலடி தூரத்தில். தண்ணீரில் இறங்க வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்பான். ஏன் என்றால் தொண்ணூற்றேழு. தொண்ணூற்றேழு என்றால் டேப்பில் இருக்கிற நூற்றுப்பதினாறு யார் எழுதினது என்பான். பெக்ஸ்ட்ரம் கேட்பார், கரையில் இருக்கிற இருபது டிரக்கும் கேட்கும், ரோண்டாவும் கேட்பாள். வியாழக்கிழமை வரை அதே ஃபின்னோடு அதே ஸ்கீயில்தானே ஓடினான், விழவில்லையே என்று ஒரு எண்ணம் வந்தது. அந்த எண்ணத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன். அது தப்பு என்று எனக்கு அப்போதே தெரியும். வியாழன் வரை அவன் அந்த ஸ்கீயைச் சந்தேகப்பட்டு, பாதி பலத்தில் திரும்பிக்கொண்டிருந்தான். என் பொய்யும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து அவனை நம்ப வைத்துவிட்டன.

"என்ன மச்சான்?"

"ஒண்ணுமில்ல. பாத்துத் திரும்பு."

கைப்பிடியை அவன் கையில் கொடுத்தேன்.

"போ!" என்றான் அவன்.

பச்சை வளையத்தில் ஆறும் சுற்றினான். இரண்டாவது பந்தில் மூக்கு ஒரு தடவை தலையாட்டியது. கரையில் யாருக்கும் தெரிந்திருக்காது. நீலத்தில் ஆறும் சுற்றினான். நாலாவது பந்தில் ஸ்கீ ஒரு கணம் நின்றது, அவன் இடுப்பால் இழுத்துக் காப்பாற்றினான். "நல்லா இருக்குய்யா!" என்று யாரோ கத்தினார்கள். குழியின் அந்தக் கோடியில் படகு நின்று கயிற்றைக் குறைத்தார்கள். தண்ணீரில் அவன் தலை மட்டும் தெரிந்தது. நான் இன்னும் ஓடிப்போய்க் கோபுரத்தில் சொல்லியிருக்கலாம். கோபுரத்தில் ரேடியோ இருந்தது. மேடையிலிருந்து அறுபது தப்படி இருக்கும். நான் நகரவில்லை.

படகு திரும்பி வந்தது, மணிக்கு முப்பத்திநாலு மைல். நுழைவில் மிதக்கும் இரண்டு வாசல் பந்துகளுக்கு நடுவே சரியாக நுழைந்தான். ஒன்றாவது பந்து அழகாக வந்தது, தோள் தண்ணீரைத் தொட்டது. படகு கிளப்பிய அலையைத் தாண்டி மறுபக்கம் பாய்ந்தான். இரண்டாவது பந்துக்கு வெளியே போய், ஒற்றைக் கையை நீட்டி, முழு உடம்பையும் போட்டான். வெள்ளிக்கிழமை போட்ட மாதிரியே.

மூக்கு கவ்வியது. இந்த முறை தலையாட்டவில்லை. அப்படியே உள்ளே போனது, ஸ்கீ முன்காலுக்கு முன்னால் மடிந்தது, அவன் உடம்பு ஸ்கீயைத் தாண்டி முன்னால் பறந்தது. பின்கால் உறையிலிருந்து கழன்றது. முன்கால் கழலவில்லை. சத்தம் மேடை வரைக்கும் வந்தது. ஈரக் கட்டையை முழங்காலில் வைத்து உடைக்கிற சத்தம்.

ரோண்டா தண்ணீருக்குள் இடுப்பு வரை நடந்து போய் நின்றுவிட்டாள்.

அவனைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்தபோது முன்கால் பாதம் பார்க்க வேண்டிய திசையில் பார்க்கவில்லை. அவன் முகம் மாவு மாதிரி இருந்தது. "எத்தனை பந்து?" என்று கேட்டான். படகில் இருந்த நடுவர், "ஒண்ணரை" என்றார். அவர் நேர்மையானவர்.

ஆம்புலன்ஸ் போன பிறகு எல்லோரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, படகில் ஏற்றும்போது அவன் காலிலிருந்து கழற்றி விட்டு, தண்ணீரோரம் மிதந்த ஸ்கீயை நான் எடுத்து என் டிரக்கில் போட்டேன். யாரும் கேட்கவில்லை. என் மாப்பிள்ளையின் ஸ்கீ, நான் எடுக்கிறேன். நேராகப் பட்டறைக்குப் போனேன். சனிக்கிழமை, யாரும் இல்லை. வாள் மெஷினில் கொடுத்தேன். உள்ளேயிருந்து நுரைக்கட்டை பழுப்புப் பொடியாகக் கொட்டியது. வெள்ளை டேப்பை மட்டும் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று தெரியவில்லை. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

கெண்டைக்கால் எலும்பு இரண்டு இடத்தில், கணுக்கால் மொத்தமாக. இரும்புக் கம்பியும் திருகும் வைத்தார்கள். கணுக்கால் இனி மடங்காது என்றார் டாக்டர். செவ்வாய்க்கிழமை நான் போனபோது ராய்ஸ் தலையணையில் சாய்ந்து, மடியில் தன் ஸ்கீ நோட்டைத் திறந்து வைத்திருந்தான். ரோண்டா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள இருக்கிற திருகை எண்ணுனியா மாப்ளே?" என்றேன். வேறு என்ன பேசுவதென்று தெரியவில்லை.

"பதினொண்ணு. ஃபின்னுக்குக் கூட இத்தனை இல்ல." லேசாகச் சிரித்தான், நிறுத்தினான். "மச்சான், எனக்கு ஒண்ணு புரியல. நேத்தெல்லாம் அதையேதான் யோசிக்கிறேன்."

"ஆரம்பிச்சுட்டாரு" என்றாள் ரோண்டா.

"நீ சும்மா இரு. மச்சான், வெள்ளிக்கிழமையே ஃபின் நகந்துருந்துச்சுன்னு வை. அப்ப நல்லா ஓடுச்சு. சனிக்கிழமை என் நம்பருக்கு வச்சேன். விழுந்தேன். அதே ஸ்கீ. நூத்திப்பதினாறு இருக்கு, நீதான் அழுத்திப் பாத்த. மூணு வருஷமா எனக்குச் சரியா இருந்த நம்பரு சனிக்கிழமை மட்டும் ஏன் என்னைக் கொல்லுது?"

அவன் அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டான். ஒரு எட்டு வைத்தால் போதும். கேள்வியை அவனே கட்டி, அவனே என் கையில் கொடுத்தான். ரோண்டா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லா இருக்குன்னு சொல்லு என்று போனில் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

"தண்ணி" என்றேன். "தண்ணி அன்னிக்கு ரொம்ப சூடு. சூட்டுத் தண்ணி மெலிசு, ஸ்கீ உள்ள இறங்கும். மூக்கு கவ்வும்."

முழுப் பொய் இல்லை. தண்ணீர் சூட்டுக்கு ஃபின்னை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஆள் எவனும் நம்பக்கூடிய பொய். அவன் ரோண்டாவிடம் பேனா கேட்டு வாங்கி, நோட்டில் எழுதினான்: சனி, தண்ணீர் 86, ஃபின்னைத் தொட்டிருக்கக் கூடாது.

"நான்தான் கையை வச்சுக் கெடுத்துக்கிட்டேன்" என்றான். "சும்மா விட்டிருந்தா ஊதாவுல நாலு. வீடு இருந்திருக்கும்."

"விடுங்க" என்றாள் ரோண்டா. குரலில் உயிர் இல்லை. "காலு இருக்குல்ல. விடுங்க."

பெக்ஸ்ட்ரம் அக்டோபர் கடைசி வரை டைம் கொடுத்தார். பூ அனுப்பினார். ஆர்லாண்டோ பையன் நவம்பர் முதல் வாரம் குடிவந்தான். ராய்ஸும் ரோண்டாவும் இப்போது என் வீட்டுப் பின்பக்க அறையில் இருக்கிறார்கள். அவள் ஒரு மளிகைக் கடையில் பில் போடுகிறாள். அவன் கைத்தடியோடு கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்து பழகுகிறான். சனிக்கிழமைகளில் அவனை டிரக்கில் ஏற்றி ஏதாவது ஒரு குழிக்குக் கூட்டிப் போவேன். நாற்காலி போட்டு உட்கார்ந்து, போட்டிக்கு வருகிற ஒவ்வொருவனையும் கூப்பிட்டுச் சொல்கிறான்.

"டேய், போட்டி அன்னிக்குக் காலைல ஃபின்னுல கை வைக்காத. நகந்துருந்தாலும் வைக்காத. என்னைப் பாரு."

எல்லோரும் தலையாட்டுகிறார்கள். சிலர் என்னையும் பார்த்துத் தலையாட்டுகிறார்கள். நான் பக்கத்தில் நின்று தோளைத் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

போன வாரம் சாப்பிடும்போது கேட்டான். "மச்சான், அந்த ஸ்கீ என்னாச்சு? சுவத்துல மாட்டலாம்னு பாத்தேன்."

"ஒடஞ்சதுதானே, அறுத்துட்டோம்."

"டேப்பையாவது எடுத்து வச்சிருக்கலாம். நூத்திப்பதினாறு. மூணு வருஷம் கழிச்சும் அப்படி நிக்கிற ஸ்கீ எங்க கிடைக்கும்?"

ரோண்டா சோளக்கஞ்சியை அவன் தட்டில் இன்னும் ஒரு கரண்டி போட்டாள். நான் குனிந்து சாப்பிட்டேன். அவன் என்னிடம் வீடு கேட்கவில்லை, கால் கேட்கவில்லை. கேட்டாலும் என்னால் கொடுக்க முடியாது. நான் ராய்ஸுக்குத் தர வேண்டியது ஒரே ஒரு எண், தொண்ணூற்றேழு. அதை இன்னும் தரவில்லை.